லாசர் கை இறக்குகிற வரை

அண்ணன் லாசரின் கல்லறையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எல்லோரும் கறுப்புச் சட்டை, அதில் ஒருவரைக்கூட சூசைமாணிக்கத்துக்குத் தெரியவில்லை. கல்லறைத் திருநாள் சாயங்காலம் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் தெரியாத முகம் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை, பாதி மெட்ராஸ் அங்கேதான் இருந்தது, செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியும் பட்டுப்புடவையும் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளுமாக நடக்க வழியில்லை, ஆனால் அவரவர் அவரவருடைய செத்தவர்களிடம் அல்லவா நிற்க வேண்டும், அடுத்தவன் அண்ணனிடம் இவர்களுக்கு என்ன வேலை? பூப்பையைக் கையில் பிடித்தபடி நாலு கல்லறை தள்ளி, யாரோ ஒரு ரோசம்மாவின் சிலுவைக்குப் பின்னால் நின்றுகொண்டான். ஐம்பதை நெருங்குகிற ஆள் சொந்த அண்ணனைப் பார்க்க வந்துவிட்டு இப்படித் திருடன் மாதிரி ஒளிந்து நிற்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கறுப்பு மெழுகுவத்தி. தாடிக்காரன் ஒருவன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான், கன்னங்கரேலென்று. அப்போ இவர்கள்தானா! வருஷா வருஷம் கூட்டம் வேண்டாமென்று திருநாள் முடிந்து புல் வெட்ட வரும்போது கல்லின்மேல் உருகிக் கிடந்த கறுப்பு மெழுகு இவர்கள் வேலைதானா? பெண்டாட்டி ஜெனோவா அதைப் பார்த்துவிட்டு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாளே, பங்குச் சாமியாரைக் கூப்பிட்டு வந்து தீர்த்தம் தெளித்தார்களே, அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெளித்தாரே. இந்தத் தொண்டைக் கட்டி வந்தபோதுகூட முதலில் அவள் வாயில் வந்தது அந்த மெழுகுதான், எல்லாம் அந்தக் கறுப்பு மெழுகு பார்த்த நாளிலிருந்துதான்னு, டாக்டர் ஸ்கேனைக் காட்டிச் சொன்ன பிறகும் அவள் மனசு மெழுகை விடவில்லை.

தொண்டை. நினைக்கக் கூடாது என்று இருந்தான், நினைத்துவிட்டான். நாளைக் காலையில் குரல்வளையை எடுக்கிறார்கள். எடுக்கிறார்கள் என்றால் ஏதோ பல் பிடுங்குவது மாதிரி அல்லவா இருக்கிறது, டாக்டரும் அப்படித்தான் சொன்னார், பேச்சு வராது, மத்தபடி உயிருக்கு ஒண்ணும் பயமில்லைங்க, கழுத்தில் இங்கே ஒரு துவாரம் இருக்கும், அது வழியா மூச்சு. மத்தபடி! டைல்ஸ் கடையில் பில் போடுகிறவனுக்குக் குரல் எதற்கு என்று அவர் நினைத்திருக்கலாம், குடோன் பையனைக் கூப்பிட மட்டும்தானே. எச்சில் விழுங்கிப் பார்த்தான், வலித்தது, இன்னொரு தடவை விழுங்கினான், வலிக்கிறதா என்று பார்ப்பதற்காகவே விழுங்குவது இப்போது பழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், பேச்சுப் பயிற்சி தருகிறவள், ரொம்ப அன்பாகத்தான் சொன்னாள், அதுக்குள்ள உங்க குரல்ல ஏதாவது ரெக்கார்ட் பண்ணி வெச்சிக்கங்க சார், பின்னாடி வீட்ல உள்ளவங்களுக்கு ஆறுதலா இருக்கும் என்று. அன்றிலிருந்து ஜெனோவா பிடித்துக்கொண்டாள். காலையில் டீ கொடுக்கும்போதும் அதேதான், "என்னங்க, ஏதாவது பேசி வைங்களேன், ஷெரினுக்குப் பொறக்கப்போற புள்ள தாத்தா குரலக் கேக்க வேணாமா?" மொட்டைமாடிக்குப் போய்ப் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். என்ன பேசுவது? ஹலோ என்றான். ஹலோ, மைக் டெஸ்ட், என்றான். பிறக்காத பேரப்பிள்ளைக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை, கடைசியில் கையில் கிடைத்த மருந்துச் சீட்டை, சாப்பாட்டுக்கு முன் ஒன்று சாப்பாட்டுக்குப் பின் ஒன்று என்று வாசித்துவிட்டு, கேட்டுப் பார்த்து, சகிக்காமல் அழித்தான். யாரோ கிழவன் வாசிக்கிற மாதிரி இருந்தது. அது என் குரல் இல்லை என்று நினைத்தான், அப்படியானால் எது என் குரல் என்று யோசிக்காமல் கீழே இறங்கி வந்துவிட்டான்.

தாடிக்காரன் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கல்லின் தலைமாட்டில் வைத்தான். வைக்கும்போது கல்லைத் துண்டால் துடைத்தான், அதைப் பார்க்கச் சூசைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது, நான் துடைக்க வேண்டிய கல். பிறகு சத்தம் வந்தது. முதலில் அது இங்கேதான் எங்கோ வெளியே, ரோட்டில் மெட்ரோ வேலை நடக்கிற சத்தம் என்று நினைத்தான், தொம், தொம், இரும்பு இரும்பின்மேல் விழுகிற சத்தம், அதன் அடியில் ஒரு ஹார்மோனியம் இழுத்துக்கொண்டே போகிறது, மாதா கோவில் ஹார்மோனியம், அதில் ஒரு கட்டை அழுத்தினால் எழாமல் ஒட்டிக்கொண்டு ஊளையிடும், அந்த ஊளை. உடம்பு முந்திக்கொண்டது, மனசுக்குப் புரிவதற்கு முன்னாலேயே கை ரோசம்மாவின் சிலுவையைப் பிடித்துக்கொண்டது. இது அயனாவரம் ஒர்க்‌ஷாப். இது லாசர் வேலை பார்த்த பவர் பிரஸ், இரும்புத் தகடு அடிக்கிற மெஷின். இது நாங்கள். அப்புறம் அந்தக் குரல் வந்தது, நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு வருகிற குரல், இருபத்து நாலு வயசுக் குரல், சுற்றிலும் பூ வைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்கிற குரல், சூசையின் குரல்.

கல்லறைத் திருநாள் என்றுதான் அண்ணனும் தம்பியும் தங்கள் பேண்டுக்கே பெயர் வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறார்கள், இது தெரியாமல் சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்திருக்கிறோம். பெரம்பூரில் அந்த நாளில் பையன்கள் இரவல் வாங்கிய கேசட்டில் வெள்ளைக்காரன் மெஷின் சத்தத்தோடு கத்துவதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது, லாசர்தான் சொன்னான், அவன் ஊர் ஃபேக்டரி சத்தத்த நாம ஏன்டா கேக்கணும், நம்ம ஃபேக்டரி ஊமையா? ஞாயிற்றுக்கிழமை முதலாளி இல்லாத நேரத்தில் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து, கடன் வாங்கிய ரெக்கார்டரை வைத்து, கடைசல் மெஷின், அரம், காற்று அடிக்கிற பம்ப், ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். அந்தக் குரல் வருவதற்காகச் சூசை மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீரைக் குடித்தான், ஐஸ் தின்றான், தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு கத்தினான், கரகரப்பு வேண்டுமென்று அப்போது அவ்வளவு பாடு, இப்போது கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கிறது. 'துருவும் தூபமும்' என்று ஒரே ஒரு கேசட். அதோடு சரி. ஒரு கடையில்கூட விற்கவில்லை, மிச்சமெல்லாம் கட்டிலுக்கடியில் கிடந்தது, அம்மா சுருளை உருவி மொட்டைமாடியில் கட்டினாள், வற்றல் காயும்போது காக்காய் வராமல் இருக்க. வெயிலில் மினுமினுவென்று ஆடிக்கொண்டிருக்கும். காக்காயாவது பயந்துச்சே என்று லாசர் சிரித்தான். அடுத்த வருஷமே சூசை மஸ்கட்டுக்குப் போனான், அதற்கு அடுத்த வருஷம் லாசருக்கு மஞ்சள் காமாலை, சூசை வந்து சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. அந்தக் கேசட்டை அதற்குப் பிறகு அவன் கேட்டதேயில்லை. வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது, ஜெனோவாவுக்குத் தன் புருஷன் ஒரு காலத்தில் பாடினான் என்பதே தெரியாது, கோவிலில் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிற ஆளைத்தான் அவளுக்குத் தெரியும்.

"லாசர் அண்ணா வாய்ஸ்ல இந்த எடம் கேளு, இப்ப வரும்," என்றாள் ஒரு பெண். இருபது வயசு இருக்கும், மூக்கில் வளையம். எல்லோரும் கண்ணை மூடினார்கள். சூசை திறந்துகொண்டு நின்றான். லாசர் அண்ணா வாய்ஸ். சுருக்கென்று இருந்தது, ஆனால் ஆச்சரியம் இல்லை, இது அந்தக் கேசட் அட்டையின் வேலை. அட்டையை அடித்துக் கொடுத்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம், மணமகன் பெயரையும் மணமகள் பெயரையும் எங்கே போட வேண்டும் என்று மட்டும் தெரிந்தவர்கள், குரல் லாசர், இயந்திரங்கள் சூசைமாணிக்கம் என்று மாற்றி அடித்துவிட்டார்கள். குரலே இல்லாதவன் லாசர்! ஒரு பாட்டு ஒழுங்காக வராது, ஜெபத்தைக்கூட சுருதி தப்பிச் சொல்லுவான். அன்றைக்குச் சூசை குதித்தான், திரும்ப அடிக்கச் சொல்லு என்றான், லாசர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்டா, அம்மா திட்டினா என்னத் திட்டட்டும்," என்றான். இருந்தது. இருபத்தைந்து வருஷம் இருந்து, இந்தப் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, மூக்கில் வளையம் போட்டுக்கொண்டு, அட்டையில் இருந்ததை நம்பி அண்ணன் கல்லறையில் வந்து நிற்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இப்போது போய்ச் சொல்லலாம். நாலு கல்லறை தூரம். தம்பிங்களா, அது நான். அவ்வளவுதான். இன்றைக்குச் சொன்னால் சொந்த வாயால் சொல்லலாம், நாளைக்குச் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டும், எழுதிக் காட்டினால் யார் நம்புவார்கள், கழுத்தில் ஓட்டையோடு ஒரு ஆள் வந்து அந்தக் குரல் என்னுடையது என்று எழுதிக் காட்டினால் பாவம் என்று தண்ணீர் வாங்கிக் கொடுப்பார்கள். இன்றைக்கு விட்டால் இல்லை. கால் நகர்ந்துவிட்டது, நகர்ந்த கால் நின்றுவிட்டது. சொல்லிவிட்டால் அந்தக் கல்லுக்கடியில் கிடப்பவனுக்கு என்ன மிச்சம்? கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, ஒரு நல்ல போட்டோகூடக் கிடையாது, இந்தப் பூமியில் அவனுக்கு இருப்பது இந்த ஏழெட்டுக் கறுப்புச் சட்டை. அதையும் பிடுங்குவதா? பிடுங்காவிட்டால் எனக்கு என்ன மிச்சம்? மருந்துச் சீட்டு வாசித்த குரலா? அதையும் அழித்தாயிற்று.

போன் அடித்தது. ஜெனோவாதான். வாசலில் பூக்கடைப் பக்கம் நிற்கிறாளாம், முட்டி வலி, உள்ளே நடக்க முடியாது, வெச்சிட்டு சீக்கிரம் வாங்க, ராத்திரிக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக் கூடாதுன்னிருக்காங்க, நேரத்தோட சாப்பிடணும். "வர்றேன்" என்றான், வெறும் காற்றாக வந்தது, அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. போன் சத்தத்தில் தாடிக்காரன் திரும்பிவிட்டான். பூப்பையைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான்.

"சார், நீங்க இந்தக் கல்லறைக்கா வந்தீங்க?"

தலையசைத்தான். இனி ஒளிய முடியாது. ரோசம்மாவை விட்டுவிட்டு வெளிச்சத்துக்கு வந்தான்.

"லாசருக்கு நீங்க..."

"தம்பி," என்றான் சூசை.

யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். தாடிக்காரன் காலில் போட்டிருந்த பூட்ஸைக் கழற்றினான், அவனைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள், எதற்கு என்று சூசைக்கும் தெரியவில்லை அவர்களுக்கும் தெரியவில்லை. தயாளன் என்று பெயர் சொன்னான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மூர்மார்க்கெட் பிளாட்பாரத்தில் அந்தக் கேசட்டை எடுத்தானாம், அட்டையில் சிலுவைமேல் போல்ட் நட்டு முறுக்கியிருந்த படத்தைப் பார்த்து. அப்பா சாராயம் குடித்துவிட்டு அம்மாவை அடிக்கிற சத்தம் கேட்காமல் இருக்க ஹெட்போனில் இதைத்தான் கேட்பானாம், சத்தத்த சத்தத்தால அடைச்சேன் சார் என்றான். அப்புறம் அதை நெட்டில் ஏற்றி, அங்கங்கே பத்துப் பேர் கேட்டு, இந்தக் கனிஷ்கா வேலூரிலிருந்து காலையில் ரயிலேறி வந்தாளாம். "மூணு வருஷமா நான் தூங்குறதே இத கேட்டுத்தான் அங்கிள்," என்றாள் மூக்குவளையம். இதைக் கேட்டுத் தூக்கம் வருகிறதாமே, காக்காய் ஓட்டுகிற பாட்டைக் கேட்டு. சூசைக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போது தொண்டை கிழிந்தது, கண்ணில் தண்ணீர் வந்ததை வலி என்று சொல்லிக்கொண்டான். அவர்கள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பார்வையில் இருந்தது எல்லாம் லாசருக்கு உரியது, இவன் மேல் பட்டுப் போகிறது, அவ்வளவுதான். இப்போது சொல்லு. சொல்லேன்டா. வாயில் வந்து நிற்கிறது.

"வீட்லயும் பாடுவாரா அங்கிள், லாசர் அண்ணா?"

கேட்டுவிட்டாள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. சூசை வாயைத் திறந்தான். அவன் பாடமாட்டாம்மா, பாடினது யார் தெரியுமா? திறந்த வாயில் வேறு ஒன்று வந்தது. "சத்தம் போட்டுக்கினே இருப்பான்," என்றான். "டம்ளர தட்டுவான், குழாய தட்டுவான், தூங்கறப்பக்கூட வெரலு ஆடும். எங்கம்மா கைய கட்டிப் போடுவேன்னு திட்டும்." அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர்கள் சிரித்தார்கள், கனிஷ்கா அதையெல்லாம் எங்கோ உள்ளே எடுத்து வைத்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது.

கடைசிப் பாட்டு மட்டும் அவர்களே பாடுவார்களாம், வருஷா வருஷம் வழக்கம். ஸ்பீக்கரில் மெஷின் மட்டும் ஓடும், குரலைத் தயாளன் எப்படியோ கம்ப்யூட்டரில் வைத்து உருவி எடுத்திருக்கிறான், அந்த இடத்தில் இவர்கள் பாட வேண்டும். 'மூடாதே.' பெட்டியை மூடப்போகிறவர்களைப் பார்த்து உள்ளே கிடப்பவன் சொல்கிற பாட்டு, இருபத்து நாலு வயசில் சாவைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி எழுதியது. "நீங்களும் பாடுங்க அங்கிள்," என்று கையைப் பிடித்து இழுத்தாள். போனைப் பிள்ளையொருவன் கல்லின்மேல் சாய்த்து வைத்தான், வீடியோவாம். பிரஸ் அடிக்கத் தொடங்கியது, தொம், தொம், பாதத்துக்கடியில் மண்ணில் அதிர்வதுபோல இருந்தது, உள்ளே அவனுக்குக் கேட்குமோ என்று ஒரு அசட்டு நினைப்பு. ஓடி ஓடிப் பிரஸ் நிற்கும், நின்றதும் குரல் மட்டும். எத்தனை தடவை ஒத்திகை, அது உடம்பிலேயே இருந்தது. பிரஸ் நின்றது. சூசை மூச்சை இழுத்து, கண்ணை மூடி, இருந்ததையெல்லாம் திரட்டி, "மூடா..." என்றான்.

தனியாக. மற்ற யாரும் பாடவில்லை.

"அங்கிள், அங்கிள்," கனிஷ்கா கையை ஆட்டினாள், "சீக்கிரம் வந்துட்டீங்க. அங்க உடனே வரக் கூடாது. சக்கரம் சுத்தி அடங்கற சத்தம் இருக்குல்ல, அது முழுசா அடங்கணும். அதுக்கப்புறமும் கொஞ்சம் இருக்கும். அதாங்க இந்த ஆல்பமே. அதுக்குத்தான் நாங்க எல்லாம் வர்றோம்."

என் பாட்டை எனக்கே திருத்துகிறாள். சுள்ளென்று ஏறிய கோபம் அடுத்த மூச்சில் எங்கோ இறங்கிப் போனது, ஏனென்றால் அந்த இடம் ஞாபகம் வந்துவிட்டது. அது தப்பு. அது ஆல்பத்தில் விழுந்த தப்பு. பிரஸை நிறுத்திவிட்டு லாசர் தூக்கிய கையை இறக்க வேண்டும், இறக்கியதும் சூசை பாட வேண்டும், அதுதான் ஏற்பாடு. அன்றைக்கு லாசர் நிறுத்தினான், கை மேலே இருந்தது, இறக்கவில்லை. பெரிய சக்கரம் கரண்ட் இல்லாமல் தானாகச் சுற்றி, ஹும்மென்று தணிந்து, இன்னும் தணிந்து, நின்றது, அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான், தம்பி ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பது மறந்துபோய். சூசைக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. அப்புறம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தவன் மாதிரிக் கண்ணைத் திறந்து, சிரித்து, கையை இறக்கினான். பாடி முடித்ததும் கரண்ட் போனது, திரும்ப எடுக்க முடியவில்லை, சூசை கத்தினான், உன்னாலதான்டா கெட்டுச்சி, மொத்தமும் கெட்டுச்சி. "கெடலடா," என்றான் லாசர், "அங்க இன்னாவோ இருந்துச்சி, நீ கேட்டியா?" கேட்கவில்லை. இருபத்தைந்து வருஷமாகக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள். சரியான கல்லறைக்குத்தான் வந்திருக்கிறார்கள், அட்டை எதைச் சொன்னால் என்ன, இவர்கள் கும்பிடுவது குரலை இல்லை, அந்த ஒன்றுமில்லாத இடத்தை, அது முழுக்க முழுக்க லாசருடையது.

"இன்னொரு தபா போடும்மா," என்றான்.

பிரஸ் அடித்தது. இந்தத் தடவை சூசை கண்ணை மூடவில்லை, கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றது. சக்கரம் சுற்றியது. எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்தார்கள், கறுப்புச் சட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி விறைத்திருந்தன, சக்கரம் தணிந்தது, பக்கத்துக் கல்லறையில் ஒரு குழந்தை ஐஸ் கேட்டு அழுதது, யாரோ அதட்டினார்கள், நாளைக்கு இந்நேரம் கழுத்து வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருப்போம் என்ற பயம் வந்து எதிரே நின்றது, நிற்கட்டும், சக்கரம் இன்னும் தணிந்தது, சத்தம் போய்விட்டது, போன பிறகும் இருந்தது, அங்கே என்னவோ இருந்தது, லாசர், கேட்குதுடா, இப்பக் கேட்குது, கையை இறக்கு. சூசை பாடினான். மூடாதே, மூடாதே, உள்ளே இன்னும் மூச்சிருக்கு. மிளகாய்த்தண்ணீர் குடிக்காமலே கரகரத்து, கிழிந்து, ரத்த ருசியோடு அது வெளியே வந்தது, கூடப் பாடத் தொடங்கியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். அவன் நிறுத்தவில்லை. வாசல் வரைக்கும் போயிருக்கும். ஜெனோவாவுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

முடிந்தபோது மெழுகு மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கனிஷ்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள், கையை எடுத்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"அங்கிள், அப்படியே உங்க அண்ணன் குரல்."

சூசை பூப்பையைப் பிரித்தான். செவ்வந்தியைக் கல்லின்மேல் கொட்டி, கறுப்பு மெழுகுவத்திகள் அணையாதபடி ஓரமாக ஒதுக்கிப் பரப்பினான்.

"ஆமாம்மா," என்றான். "அவனுதுதான்." கல்லில் சாய்ந்திருந்த போனைக் காட்டினான். "அதுல விழுந்திருக்குமா? எனக்கும் ஒண்ணு அனுப்பிடு."